கண் தானத்துக்காக வலைப்பதிவர்களை அணுகுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் இறந்து 6 மணி நேரத்துக்குள் அவருடைய கருவிழியை எடுத்தாக வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். உறவுக்காரர்களுக்குப் போன் போடுவார்கள், ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்புவார்கள், பந்தல்காரரைத் தேடுவார்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வந்து சேருவார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். கண் வங்கியைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே யாராவது ஒருவருக்கு ஞாபகம் வந்தால்தான் உண்டு. இறந்தவர் என்றோ உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். வீட்டார் சம்மதித்துக் கூப்பிடாவிட்டால் அந்தப் படிவத்தால் ஒரு பயனும் இல்லை. படிவமே இல்லாத வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் தானம் நடந்துவிடும்.

கண் தானப் பிரசாரம் செய்பவர்கள் எதை நோக்கி உழைக்க வேண்டும் என்பதை இந்த ஒரு உண்மைதான் தீர்மானிக்க வேண்டும். மனிதச் சங்கிலிக்கும் பேரணிக்கும் நான் எதிரியில்லை. ஆனால் இரவு 2 மணிக்குத் துக்க வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மருமகனோ பேத்தியோ கைபேசியில் தேடும்போது, அவர்கள் கண்ணில் தமிழில் தெளிவான ஒரு பதிவு பட வேண்டும். ரீல்ஸ் இரண்டு நாளில் அடியில் போய்விடும். வலைப்பதிவு ஆண்டுக்கணக்கில் தேடலில் நிற்கும். பல காலமாகப் படித்துவரும் ஒருவர் எழுதியது என்பதால் அதன் மேல் நம்பிக்கையும் இருக்கும். அதனால்தான் வலைப்பதிவர்களை அணுகும் வேலையைத் தனியாக, பொறுமையாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

எழுத்தால் இது முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1958-ல் அங்கே கண் தான இயக்கத்தைத் தொடங்கிய மருத்துவர் ஹட்சன் சில்வா நாளிதழில் ஒரு கட்டுரை எழுதி, இறந்த பின் கண்களைத் தாருங்கள் என்று மக்களிடம் கேட்டார். அவருடைய மனைவியும் தாயும் முதலில் முன்வந்தவர்களில் இருந்தார்கள். 1960-ல் தாய் இறந்தபோது அவருடைய கருவிழியை ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தினார் சில்வா. 1961-ல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவானது. 1964-ல் அந்தச் சின்னத் தீவிலிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் விமானத்தில் போயின. பிறகு பல நாடுகளுக்கும் போயின. வாசகர்கள் மதிக்கும் ஓர் இடத்தில், மனதிலிருந்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் தொடங்கிய பயணம் அது.

முதல் படி: கண் வங்கியோடு உட்காருங்கள்

தேசியக் கண் தான இருவார விழா ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கிறது. அதைக் குறியாக வைத்தால் ஜூன் மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பதிவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த வாரம் எழுதித் தாருங்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

எந்தப் பதிவருக்கும் எழுதுவதற்கு முன் உங்கள் பகுதிக் கண் வங்கிக்கு நேரில் போங்கள். எந்தெந்த ஊர்வரை அவர்களால் வர முடியும், இரவில் யார் போனை எடுப்பார்கள், அழைத்தவரிடம் என்னென்ன கேட்பார்கள், குழு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் நள்ளிரவுக்கு மேல் அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காத எண்ணைப் பல பதிவுகளில் போட்டுப் பரப்பினால், துக்கத்தில் இருக்கும் வீட்டை நாம் கைவிடுகிறோம். எண் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பிழையில்லாத ஒரு பக்கம்

பதிவர் மருத்துவர் அல்ல. உங்களை நம்பித்தான் எழுதப்போகிறார். ஆகவே ஒரே பக்கத்தில் அடங்கும் தகவல் தாள் ஒன்றைத் தயாரித்து, கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பவை இவை.

முழுக் கண்ணையும் யாருக்கும் மாற்றிப் பொருத்துவதில்லை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் கருவிழியைத்தான் பொருத்துகிறார்கள். கருவிழி பழுதாகிப் பார்வை இழந்தவருக்கு இது பயன்படும். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டவருக்கு இதனால் பார்வை வராது. இதைச் சொல்லாமல் விட்டால், பதிவைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு மருத்துவமனைக்கு ஓடும் குடும்பத்துக்குப் பெரிய ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உயிரோடு இருப்பவர் கண்ணைத் தானம் செய்ய முடியாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், முதியவர் என எல்லோரும் தரலாம். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தப் புற்றுநோய், உடல் முழுதும் பரவிய கிருமித்தொற்று ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களின் கண்களைப் பிறருக்குப் பொருத்த எடுப்பதில்லை. சந்தேகம் இருந்தாலும் கூப்பிடுங்கள், எடுக்கலாமா வேண்டாமா என்பதைக் கண் வங்கிக் குழு முடிவு செய்யும் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். வீட்டாரே தவறாக முடிவு செய்துகொண்டு கூப்பிடாமல் விடுவது இந்த வரியால் குறையும்.

குழு வரும்வரை என்ன செய்வது என்பதும் தாளில் இருக்க வேண்டும். இமைகளை மூடிவிட வேண்டும். மூடிய இமை மேல் சுத்தமான ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும். கண் எடுக்கும் வேலை 15 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். முகம் விகாரமாகாது. இறுதிச் சடங்கு தள்ளிப்போகாது. குடும்பத்துக்குச் செலவு எதுவும் இல்லை. பணமும் தரமாட்டார்கள். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒருவரின் இரு கண்களால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கலாம்.

இந்தத் தாளை அப்படியே எல்லாப் பதிவர்களுக்கும் கொடுத்துப் பிரசுரிக்கச் சொல்லாதீர்கள். ஒரே உரை பத்துத் தளங்களில் வந்தால் வாசகர் இரண்டாவது தளத்திலேயே தாண்டிப் போய்விடுவார். தாள், தகவலைச் சரிபார்த்துக்கொள்வதற்கு மட்டும்.

மூன்றாம் படி: யாரிடம் போவது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். அதிக வாசகர் உள்ளவர் யார் என்று பார்த்து, அவருக்கு முதலில் எழுதி, பதில் வராமல் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கு எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த வாசகர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது.

சமையல் பதிவர்களிடமிருந்து தொடங்குங்கள். நடுத்தர வயதுப் பெண்கள் தினமும் வந்து படிக்கும் தளங்கள் அவை. பின்னூட்டத்தில் அக்கா, தங்கச்சி என்று பேசிக்கொள்ளும் சொந்தம் அங்கே இருக்கிறது. மாமனார், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொள்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அடுத்து ஆசிரியர்கள் நடத்தும் கல்விப் பதிவுகள். அரசாணையும் பாடக்குறிப்பும் தேடித் தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் அங்கே வருகிறார்கள். கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால், அடுத்து என்ன செய்வது என்று பள்ளிக்கூட ஆசிரியரைக் கேட்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது.

விவசாயம் எழுதுபவர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நெல் அறுவடையிலும் கதிர் அடிக்கும்போதும் தாளோ உமியோ கண்ணில் பட்டுக் காயமாகி, அதில் பூஞ்சை பிடித்துக் கருவிழியில் புண் வருவது தென்னிந்தியாவில் சாதாரணம். அதற்குத் தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விட்டுப் பார்த்து, நாள் கடத்தி, பார்வையே போனவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பதிவர்களிடம் தானத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். கண்ணில் அடிபட்டால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தங்கள் வாசகருக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம் என்று தெரிந்தால் அவர்கள் முழு மனதோடு எழுதுவார்கள்.

கோயில், பக்தி பற்றி எழுதுபவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். இந்தப் பிறவியில் கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்ற பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அதை ஒரு மருத்துவர் மறுப்பதைவிட, திருக்காளத்தியில் தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரைப் பற்றிப் பக்தியோடு எழுதும் ஒருவர் மறுத்தால் கேட்பார்கள். ஆனால் அந்த ஒப்பீட்டை நீங்களாக அவர் வாயில் திணிக்காதீர்கள். எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியும்.

ஊர் வரலாறு எழுதுபவர்களுக்குக் கொடுக்க நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னையில், எழும்பூர்க் கண் மருத்துவமனையில், டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவின் முயற்சியால் தொடங்கியது. அந்த மருத்துவமனையே 1819-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மதுரைப் பதிவர் என்றால் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தன் ஊர்க் கதை என்றால் பதிவருக்கு எழுதவும் கை வரும்.

பலரும் யோசிக்காத ஒரு கூட்டம் வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பதிவர்கள். பெற்றோர் இங்கே தனியாக இருப்பார்கள். இறப்பு நேர்ந்ததும் பக்கத்து வீட்டாரும் சித்தப்பாவும், 'அமெரிக்காவில் இருக்கிற தம்பியைக் கேட்டுக்கலாம்' என்று காத்திருப்பார்கள். அந்தத் தம்பி போனில் 'சரி சித்தப்பா, அப்பாவுக்கும் அதுதான் ஆசை' என்று உடனே சொன்னால் நேரத்துக்குள் வேலை முடியும். அதற்கு அவர் முன்பே இதைப் பற்றி யோசித்திருக்க வேண்டும், அப்பாவிடம் பேசியிருக்க வேண்டும். டல்லாஸிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதும் ஒருவரின் பதிவு மயிலாடுதுறையில் ஒரு வீட்டின் முடிவை மாற்றும். என் பட்டியலில் இவர்களை மிக மேலே வைப்பேன்.

பட்டியல் நீளமாக இருக்கத் தேவையில்லை. இருபது, முப்பது பேர் போதும். கடைசியாக எப்போது எழுதினார் என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் எழுதாதவருக்கு அனுப்பிப் பயனில்லை.

நான்காம் படி: எழுதுமுன் படியுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் பதிவுகளிலும் நான்கைந்தையாவது படியுங்கள். சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர் என்று தெரிந்தால் இந்த ஆண்டு அவரை விட்டுவிடுங்கள். பிடித்த பதிவு இருந்தால் பின்னூட்டம் இடுங்கள், அதில் உங்கள் பிரசார இணைப்பை ஒட்டாமல். எழுதுபவருக்கு, தன்னை உண்மையில் படித்தவர் யார், வேலைக்காக வந்தவர் யார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கடிதம்

ஒருவருக்கு ஒரு கடிதம். மொத்தமாக எல்லோரையும் சேர்த்து அனுப்பாதீர்கள். இணைப்புக் கோப்புகளை அடுக்காதீர்கள். மாதிரிக்கு ஒன்று தருகிறேன். இதை நகல் எடுக்காமல், உங்கள் பேச்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

*அன்புள்ள அக்கா அவர்களுக்கு, வணக்கம்.*

*உங்கள் பாட்டி பார்வை மங்கிய பிறகும் கைப்பழக்கத்திலேயே வடகம் பிழிந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.*

*நான் எங்கள் ஊர்க் கண் வங்கியோடு சேர்ந்து தன்னார்வலராக வேலை செய்கிறேன். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவார விழா. அந்த நாட்களில் உங்கள் வாசகர்களுக்கு ஒரே ஒரு செய்தி போய்ச்சேர வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் ஒருவர் இறந்தால் உடனே கண் வங்கிக்குச் சொன்னால் போதும், 6 மணி நேரத்துக்குள் அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள், செலவு கிடையாது.*

*இதைத் தனிப் பதிவாக எழுதலாம். முடியாவிட்டால் ஏதாவதொரு பதிவின் கீழே இரண்டு வரியும் தொலைபேசி எண்ணும் போட்டாலும் பெரிய உதவி. எப்படி எழுதுவது என்பது முழுக்க உங்கள் விருப்பம். மருத்துவத் தகவல் அடங்கிய ஒரு பக்கத்தை, நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன். சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடமே பேச ஏற்பாடு செய்கிறேன். நாங்கள் யாருக்கும் பணம் தருவதில்லை, யாரிடமும் நன்கொடை கேட்பதுமில்லை.*

*இது உங்களுக்குச் சரிப்படாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.*

*அன்புடன்,*
*(உங்கள் பெயர், ஊர், தொலைபேசி எண்)*

இந்தக் கடிதத்தில் கேட்பது ஒன்றுதான். உறுதிமொழிப் படிவம் நிரப்பச் சொல்லுங்கள், எங்கள் பக்கத்தைப் பின்தொடரச் சொல்லுங்கள், நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்று ஐந்து வேண்டுகோளை வைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு வரி போதும் என்று சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். தனிப் பதிவு எழுத நேரமில்லாதவர்கூட அந்த இரண்டு வரியைச் சந்தோஷமாகப் போடுவார்.

ஜூலை நடுவில் அனுப்புங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: எழுதும்போது கூட இருங்கள், குறுக்கே நிற்காதீர்கள்

ஒப்புக்கொண்டவருக்குத் தகவல் தாளை அனுப்பிவிட்டு, மருத்துவ விவரங்களை மட்டும் வெளியிடும் முன் பார்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். நடையில் கை வைக்காதீர்கள். கேலி கலந்து எழுதுபவர் கேலியோடே எழுதட்டும், ஒப்பாரியைப் பற்றி எழுதுபவர் அழுதே எழுதட்டும். வாசகர்கள் வருவது அந்தக் குரலுக்காகத்தான்.

பணம் கொடுத்து எழுதவைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. துக்க வீட்டில் எடுக்க வேண்டிய முடிவை, காசு வாங்கிக்கொண்டு எழுதிய பதிவின் மேல் யாரும் எடுக்க மாட்டார்கள். வேறு அமைப்பின் உதவியோடு பரிசோ பயணமோ ஏதாவது கொடுத்திருந்தால் அதைப் பதிவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பணத்தோடு, இலவசப் பொருளையும் பயணத்தையும் இதில் சேர்த்தே பார்க்கின்றன.

படங்களில் மிகக் கவனம் தேவை. இறந்தவரின் முகம், பழுதான கண்ணின் நெருக்கமான படம் இரண்டும் வேண்டாம். பயந்துபோனவர் பக்கத்தை மூடிவிடுவார். தானம் தந்த குடும்பத்தின் கதையை எழுதுவதானால் அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். யார் கண் யாருக்குப் போனது என்பதைக் கண் வங்கிகள் வெளியிடுவதில்லை, அதைத் துருவும் ஆர்வத்தைப் பதிவரும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஊரறிந்த உதாரணம் தேவைப்பட்டால் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இருக்கிறார். 2021 அக்டோபர் 29 அன்று அவர் மறைந்தபோது கண்கள் தானமாக அளிக்கப்பட்டன. கருவிழிகளை அடுக்குகளாகப் பிரித்து நான்கு பேருக்குப் பார்வை தந்தார்கள். அவருடைய தந்தை ராஜ்குமாரின் கண்களும் 2006-ல் தானமாயின. புனீத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் உறுதிமொழி தர மக்கள் திரண்டார்கள். இப்படி ஒரு செய்தி வரும் நாளில் பதிவர்கள் தாங்களாகவே எழுத உட்காருவார்கள். தகவல் தாளும் சரிபார்த்த எண்ணும் எப்போதும் தயாராக இருந்தால் அன்று காலையிலேயே அனுப்பலாம். இருவார விழாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஏழாம் படி: பதிவு வெளிவந்த நாள்

முதல் இரண்டு நாட்கள் பின்னூட்டப் பகுதியில் இருங்கள். கேள்விகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும். அம்மாவுக்கு எண்பது வயது, அவர் கண் யாருக்கு உதவும் என்பார் ஒருவர். முகம் பார்க்க வருபவர்களுக்குத் தெரியுமா என்பார் இன்னொருவர். கண்ணை விற்றுவிடுவார்கள் என்று கோபமாக ஒருவர் எழுதுவார். மூவருக்கும் ஒரே பொறுமையோடு பதில் எழுதுங்கள். அந்தக் கோபக்காரரோடு வாதாடாமல், சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, கண் வங்கிக்கு நேரில் வந்து பார்க்க அழையுங்கள். மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் அது பதிலாக இருக்கும்.

பதிவில் பிழை இருந்தால் பின்னூட்டத்தில் திருத்தாதீர்கள். பதிவருக்குத் தனியாக எழுதி, எந்த வரி, எப்படி மாற்றலாம் என்று சொல்லுங்கள்.

பெயர், தொலைபேசி எண்ணெல்லாம் வாங்கும் உறுதிமொழிப் படிவத்தைப் பதிவருடைய தளத்தில் வைக்கச் சொல்ல வேண்டாம். அந்த விவரங்களைக் காப்பாற்றும் பொறுப்பு கண் வங்கியிடம் இருக்கட்டும். பதிவில், 'இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் வீட்டில் இதைச் சொல்லிவையுங்கள், இந்த எண்ணை இரண்டு பேர் போனில் சேமித்துவையுங்கள்' என்ற வேண்டுகோள் இருந்தால் போதும்.

எட்டாம் படி: பிறகு

எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கை பதிவருக்கு மகிழ்ச்சி தரும், தாராளமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான கணக்கு கண் வங்கியிடம் இருக்கிறது. அழைப்பவரிடம், அவசர வேலையெல்லாம் முடிந்து சில நாள் கழித்து நன்றி சொல்லும்போது, எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பலன் அந்த இரு வாரங்களில் தெரியாது. அடுத்த பொங்கலுக்குப் பிறகோ அதற்கும் அப்பாலோ, எங்கோ ஒரு வீட்டிலிருந்து வரும் அழைப்பில் தெரியலாம்.

எழுதிய எல்லோருக்கும், இரண்டு வரி போட்டவர்களுக்கும், செப்டம்பர் 8 முடிந்ததும் தனித்தனியாக நன்றி எழுதுங்கள். அவருடைய பதிவைப் படித்து யாராவது அழைத்ததாகத் தெரியவந்தால், குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாமல் அதைப் பதிவருக்குத் தெரிவியுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் என்று வைத்துக்கொள்ளலாம், எல்லாப் பதிவுகளையும் திறந்து, அதில் உள்ள எண்ணை மறுபடி இரவில் அழைத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் அன்றே ஒவ்வொரு பதிவருக்கும் புது எண்ணை அனுப்பி மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் தளத்தை மூடப்போவதாகத் தெரிந்தால், அந்தப் பதிவை வேறொரு தளத்தில் அவர் பெயரோடு ஏற்றிவைக்க அனுமதி கேளுங்கள்.